அலெக்சாண்டர் கேப்ரன்: இறப்பைச் சட்டமாக எழுதிய பேராசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைச்சாவு, உறுப்பு தானம், வென்டிலேட்டரை எடுப்பது, கிட்னி வியாபாரம் என்று பேச்சு வந்தால் டாக்டர்களின் பெயர்தான் அடிபடும். ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன உரிமை, டாக்டருக்கு எது கடமை என்று வரி வரியாக எழுதி வைத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் மார்கன் கேப்ரன். சட்ட மாணவர்களும், மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களும், வீட்டில் இப்படி ஒரு நிலைமையைச் சந்தித்தவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு அவருடைய ஐம்பது வருட உழைப்பை இங்கே சொல்கிறேன்.

கேப்ரன் டாக்டரா, வக்கீலா?

வக்கீல். மருத்துவம் படித்தவர் இல்லை. 1944ல் பிறந்தவர். ஸ்வார்த்மோர் கல்லூரியில் பட்டம் பெற்று, 1969ல் யேல் சட்டப் பள்ளியில் படிப்பை முடித்தார். அடுத்து வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி டேவிட் பேஸலானிடம் சட்ட உதவியாளராகச் சேர்ந்தார். மனநோய் உள்ளவர் செய்த குற்றத்துக்கு அவர் எவ்வளவு பொறுப்பு, மனநல மருத்துவமனையில் அடைத்து வைக்கப்பட்டவருக்குச் சிகிச்சை கேட்கும் உரிமை உண்டா என்ற கேள்விகளை அமெரிக்க நீதிமன்றத்துக்குள் கொண்டு வந்தவர்களில் பேஸலான் முன்னணியில் நின்றவர். இருபத்தைந்து வயதில் அப்படி ஒரு நீதிபதியிடம் வேலை பார்த்தது கேப்ரனுக்கு நல்ல அடித்தளமாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் யேல், பென்சில்வேனியா, ஜார்ஜ்டவுன் என்று பாடம் எடுத்துவிட்டு, 1985ல் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இடையில் பலமுறை வகுப்பறையை விட்டு வெளியே போய் அரசு ஆணையங்களிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் வேலை செய்தார். அவருடைய முக்கியமான பணிகள் பெரும்பாலும் அந்த இடைவெளிகளில் நடந்தவை.

சட்டக் கல்லூரியில் படித்தவர் மருத்துவ அறத்துக்குள் எப்படி வந்தார்?

ஆசிரியர் ஜே காட்ஸ் மூலமாக. காட்ஸ் 1922ல் ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரத்தில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து, மனநல டாக்டராகி, யேல் சட்டப் பள்ளியில் பேராசிரியரானவர். ஒரே கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்: டாக்டர் நோயாளியிடம் ஏன் உண்மையைப் பேசுவதில்லை?

காட்ஸ், மனிதர்கள் மீது நடத்தப்படும் சோதனைகளைப் பற்றி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஒரு பாடநூல் தொகுத்தார். 1972ல் வெளியான அந்தப் புத்தகத்தில் அவருக்கு உதவியவர்களில் ஒருவர் கேப்ரன். புத்தகம் தத்துவத்தில் ஆரம்பிக்காமல் ஒரு சம்பவத்தில் ஆரம்பிக்கிறது. 1963ல் நியூயார்க்கின் புரூக்ளினில், நாள்பட்ட நோயாளிகளுக்கான யூத மருத்துவமனையில், 22 நோயாளிகளுக்கு உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். அது புற்றுநோய்ச் செல் என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. அந்த ஒரு வழக்கின் கடிதங்கள், சாட்சியங்கள், விசாரணைக் குறிப்புகள் எல்லாவற்றையும் மாணவர் முன்னால் வைத்து, “நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் யார் என்ன முடிவு எடுத்திருக்க வேண்டும்?” என்று கேட்பது காட்ஸின் முறை.

அதே 1972ல்தான் டஸ்கீகி விவகாரமும் வெளியே வந்தது. அலபாமாவில் சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 40 வருடம் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது. அதை விசாரித்த குழுவில் காட்ஸ் இருந்தார். குழுவின் அறிக்கை போதாது என்று தனிக் குறிப்பும் எழுதினார். நோயாளியிடம் சம்மதம் கேட்பதெல்லாம் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் படித்துப் பார்க்க வேண்டும்.

இறப்புக்கு எதற்குச் சட்டம்? செத்துப்போனது டாக்டருக்குத் தெரியாதா?

1950கள் வரை தெரிந்தது. மூச்சு நின்றது, நாடி நின்றது, முடிந்தது. வென்டிலேட்டர் வந்த பிறகுதான் குழப்பம். மூளை முழுவதுமாகச் செயலிழந்து, இனி ஒருபோதும் திரும்பாது என்ற நிலையிலும் இயந்திரத்தின் உதவியால் நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், உடம்பு சூடாக இருக்கும். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதற்குப் பழைய அளவுகோலில் பதில் இல்லை.

1967 டிசம்பர் 3ல் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு முதல் இதய மாற்று அறுவை செய்தார். அடுத்த ஆகஸ்டில், ஹென்றி பீச்சர் தலைமையில் ஹார்வர்டு குழு ஒன்று, மூளையின் செயல்பாடு நிரந்தரமாக நின்றுவிட்டால் அதை இறப்பாக ஏற்கலாம் என்று அறிக்கை வெளியிட்டது. டாக்டர்கள் ஏற்கத் தொடங்கினார்கள். சட்டம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

அந்த இடைவெளியில் மாட்டிய ஒரு வழக்கைச் சொன்னால்தான் விஷயம் புரியும். 1968 மே மாதம் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு கறுப்பினத் தொழிலாளி கீழே விழுந்து தலையில் பலத்த அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தார். மறுநாளே அவருடைய இதயத்தை எடுத்து வேறொருவருக்குப் பொருத்திவிட்டார்கள். உறவினர் யாரும் கிடைக்கவில்லை என்றார்கள். அவருடைய சகோதரரோ அதே நகரத்தில் செருப்பு பழுதுபார்க்கும் கடை நடத்திக்கொண்டிருந்தார். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவர் சொல்லித்தான், உடம்பில் இதயமும் சிறுநீரகங்களும் இல்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. டக்கர் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கை நடத்திய வக்கீல் டக்ளஸ் வைல்டர், பின்னாளில் வர்ஜீனியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1972ல் ஜூரி டாக்டர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு மனிதர் எப்போது இறந்தார் என்பதை ஊருக்கு ஒரு ஜூரி கூடித் தீர்மானிக்கிற நிலை இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, கேப்ரன் என்ன செய்தார்?

1972 நவம்பரில், லியோன் காஸ் என்ற மருத்துவ அறிஞருடன் சேர்ந்து பென்சில்வேனியாச் சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 28 வயது. அவருடைய எழுத்துகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

கான்சஸ் மாநிலம் 1970லேயே மூளைச்சாவை ஏற்று ஒரு சட்டம் போட்டிருந்தது. இதயமும் மூச்சும் நிற்பது ஒரு வகை, மூளை நிற்பது இன்னொரு வகை என்று இரண்டு தனித்தனி வரையறைகள். உறுப்பு எடுப்பதற்கு முன் இறப்பை அறிவிக்க வேண்டும் என்று இரண்டாவது வகையோடு உறுப்பு மாற்றையும் சேர்த்துப் பேசியது. கேப்ரனும் காஸும் இதைத்தான் எதிர்த்தார்கள். ஒரே நிலையில் அடுத்தடுத்த கட்டில்களில் இருவர் படுத்திருக்கிறார்கள். ஒருவரின் உறுப்பு தேவைப்படுகிறது, இன்னொருவருடையது தேவைப்படவில்லை. முதலாமவர் இறந்தவர், இரண்டாமவர் உயிருள்ளவர் என்று ஆகிவிட்டால், சட்டம் உறுப்புக்காக ஆளைச் சாகடிக்கிறது என்று ஜனங்கள் நினைப்பதில் தவறில்லை. இறப்பு ஒன்றுதான், அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான் இரண்டு என்று சட்டம் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்றோடு இறப்பை முடிச்சுப் போடவே கூடாது. இது அவர்களின் வாதம்.

இன்னொரு வேலையும் அந்தக் கட்டுரை செய்தது. இறப்பைப் பற்றிய பேச்சில் நான்கு அடுக்குகள் கலந்து கிடப்பதை அது பிரித்துக் காட்டியது. இறப்பு என்றால் என்ன என்ற அடிப்படைக் கருத்து மேலே. உடம்பின் எந்தச் செயல்பாடு நின்றால் இறப்பு என்ற பொது அளவுகோல் அதற்குக் கீழே. அதைக் கண்டறியும் விதிமுறை மூன்றாவது. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது, மூச்சு தானாக வருகிறதா என்று சோதிப்பது போன்ற குறிப்பிட்ட பரிசோதனைகள் நான்காவது. சட்டம் இரண்டாவது அடுக்கில் நிற்க வேண்டும் என்றார்கள். முதல் அடுக்கைச் சட்டத்தில் எழுதினால் மதமும் தத்துவமும் மோதும். நான்காவதை எழுதினால் புதிய கருவி வரும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்த வேண்டும். இந்த ஒரு பகுப்பு எத்தனையோ வீண் சண்டைகளைத் தீர்த்து வைக்கக் கூடியது. இன்றும் இந்த விஷயத்தில் வாதாடுகிறவர்கள் எந்த அடுக்கில் நின்று பேசுகிறார்கள் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தெளிந்துவிடும்.

அந்தக் கட்டுரை சட்டமாக ஆனதா?

சில மாநிலங்கள் அதன் வாசகத்தையே எடுத்துக்கொண்டன. பெரிய மாற்றம் 1981ல் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1978ல் மருத்துவ அறப் பிரச்சினைகளை ஆராய ஜனாதிபதி ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. தலைவர் மோரிஸ் ஆப்ரம். அவரும் வக்கீல், லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் கேப்ரன். முதல் அறிக்கையே இறப்பின் வரையறை பற்றியது.

அந்த அறிக்கையோடு வந்த மாதிரிச் சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான்: இரத்த ஓட்டமும் மூச்சும் மீளமுடியாமல் நின்றுபோனவர் இறந்தவர், மூளைத்தண்டு (மூச்சைத் தூண்டும் அடிப்பகுதி) உட்பட முழு மூளையின் எல்லாச் செயல்பாடுகளும் மீளமுடியாமல் நின்றுபோனவரும் இறந்தவர், ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே இதைத் தீர்மானிக்க வேண்டும். உறுப்பு தானம் என்ற சொல்லே இதில் கிடையாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் மருத்துவச் சங்கமும் ஒரே வாசகத்தை ஒப்புக்கொண்டன. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதை அப்படியே அல்லது சிறு மாற்றங்களோடு ஏற்றன.

மூளைச்சாவும் கோமாவும் ஒன்றா?

இல்லை. கோமாவில் இருப்பவர் உயிருள்ளவர். சிலர் மீண்டு வருவார்கள். கண் திறந்து மூடியும் சுயநினைவு இல்லாமல் வருடக்கணக்கில் படுத்திருப்பவரும் உயிருள்ளவர்தான், அவருக்கு மூளைத்தண்டு வேலை செய்கிறது. மூளைச்சாவு அடைந்தவருக்கு மூச்சு விடும் தூண்டுதல்கூட இல்லை. “மூளைச்சாவு அடைந்தவர் எழுந்து உட்கார்ந்தார்” என்று செய்தி வந்தால், பரிசோதனை சரியாக நடக்கவில்லை அல்லது அது மூளைச்சாவே இல்லை என்று பொருள். இந்த வேறுபாட்டைக் குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்குவது டாக்டரின் கடமை. அவசரத்தில் தவறவிட்டால் அந்தக் குடும்பம் காலமெல்லாம் சந்தேகத்தோடு வாழும்.

இந்த வரையறையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. ஆலன் ஷூமன் என்ற குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஆரம்பத்தில் ஆதரித்தவர், பிறகு கடுமையாக எதிர்த்தார். மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட பிறகும் சில உடல்கள் இயந்திர உதவியோடு மாதக்கணக்கில், அபூர்வமாக வருடக்கணக்கில் நீடித்ததை அவர் தொகுத்துக் காட்டினார். மத ரீதியான மறுப்பும் உண்டு. நியூ ஜெர்சி மாநிலம் 1991லேயே, மத நம்பிக்கை காரணமாக மறுப்பவர்களுக்கு மூளை அளவுகோலால் இறப்பை அறிவிக்கக் கூடாது என்று விலக்கு கொடுத்தது. 2013ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூளைச்சாவு என்று அறிவித்தார்கள். தாய் ஏற்கவில்லை. மகளை நியூ ஜெர்சிக்குக் கொண்டு போனார். ஒரு மாநிலத்தில் இறப்புச் சான்றிதழ் பெற்றவள் இன்னொரு மாநிலத்தில் 2018 வரை நோயாளியாகப் பராமரிக்கப்பட்டாள்.

கேப்ரன் இந்த எதிர்ப்புகளை அலட்சியம் செய்யவில்லை. 2001ல் ஒரு முன்னணி மருத்துவ இதழில், மூளைச்சாவு நன்றாக நிலைபெற்றுவிட்டது, ஆனாலும் தீரவில்லை என்ற பொருளில் தலைப்பிட்டு எழுதினார். தான் எழுதிய சட்டத்தைப் பற்றித் தானே அப்படிச் சொல்கிற நேர்மை பெரிய விஷயம். மாதிரிச் சட்டத்தைத் திருத்த அமைத்த குழு, உடன்பாடு எட்டாததால் 2023ல் வேலையை நிறுத்தி வைத்தது. 1981ன் வாசகம்தான் இன்னும் நிற்கிறது.

ஆணையம் வேறு என்னவெல்லாம் செய்தது?

நிறைய. மரபணுப் பொறியியல், நோயாளியின் சம்மதம், ஆராய்ச்சியில் காயப்பட்டவருக்கு இழப்பீடு, ஏழைகளுக்கு மருத்துவ வசதி என்று 1983 வரை வரிசையாக அறிக்கைகள். அவற்றில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய 1983 அறிக்கை நீதிமன்றங்களில் அதிகம் எடுத்தாளப்பட்டது. சிகிச்சையை ஆரம்பிக்காமல் விடுவதற்கும், ஆரம்பித்ததை நிறுத்துவதற்கும் அறத்தில் வித்தியாசம் இல்லை என்று அது சொன்னது. கேட்கும்போது கடுமையாக இருக்கும். ஆனால் “ஒருமுறை வென்டிலேட்டரில் போட்டால் எடுக்கவே முடியாது” என்ற பயம் இருந்தால், பிழைக்க வாய்ப்புள்ளவரைக்கூடப் போட்டுப் பார்க்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவதும் இந்தக் கருத்தின் பலன்.

டாலி ஆடு விஷயத்தில் அவருக்கு என்ன தொடர்பு?

டாலி, வளர்ந்த ஓர் ஆட்டின் செல்லிலிருந்து அதன் நகலாக, குளோனிங் முறையில் உருவாக்கப்பட்ட ஆடு. 1997 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்ததும் ஜனாதிபதி கிளின்டன், தேசிய உயிர் அற ஆலோசனைக் குழுவிடம் 90 நாளில் கருத்துக் கேட்டார். கேப்ரன் அதில் உறுப்பினர். இப்போதைக்கு மனிதக் குழந்தையை இப்படி உருவாக்குவது பாதுகாப்பானதல்ல, தடைச் சட்டம் வரட்டும், ஆனால் சில வருடங்களில் அது தானாகவே காலாவதியாகி மறுபரிசீலனைக்கு வரட்டும் என்று குழு சொன்னது.

கிட்னி வியாபாரத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

2002ல் கேப்ரன் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் அறவியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 2006 வரை இருந்தார். அதே 2002ல்தான் சென்னையைப் பற்றிய ஒரு ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. கிட்னி விற்ற 305 பேரைக் கண்டு பேசி எழுதிய ஆய்வு. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். கைக்குக் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்பு போல இல்லை என்றார்கள். 79 சதவீதம் பேர் வேறு யாரையும் விற்கச் சொல்ல மாட்டோம் என்றார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வில்லிவாக்கத்தைக் “கிட்னிவாக்கம்” என்று ஊரே அழைத்த காலத்தின் கணக்கு அது.

ஏழையின் உடம்பு அவனுடையது, அவன் விற்க விரும்பினால் நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எண்களைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியை என்னால் ஒரு சுதந்திரக் கேள்வியாகப் பார்க்க முடியவில்லை. புரோக்கரும் கடன்காரனும் முடிவெடுத்த இடத்தில் விற்றவருடைய விருப்பம் என்று எதைச் சொல்வது?

2004ல், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் உலக சுகாதாரப் பேரவை, உறுப்பு விற்பனையிலிருந்தும் அதற்காக நடக்கும் வெளிநாட்டுப் பயணங்களிலிருந்தும் ஏழைகளைக் காக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2008ல் உறுப்பு வணிகத்துக்கு எதிரான இஸ்தான்புல் பிரகடனம் வந்தது. 2010ல் திருத்தி ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கின்றன: உறுப்பைப் பணம் வாங்காமல்தான் கொடுக்க வேண்டும், இறப்பை அறிவிக்கும் டாக்டர், உறுப்பை எடுப்பதிலோ பொருத்துவதிலோ பங்கெடுக்கக் கூடாது. இந்த வேலைகள் பலர் சேர்ந்து செய்தவை. ஜெனீவாவில் இருந்தபோதும் அங்கிருந்து வந்த பிறகும் கேப்ரன் இந்த முயற்சியோடு நின்றார்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது?

1994ன் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்றது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். 2008 செப்டம்பரில் ஒரு டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகனின் உறுப்புகளைத் தானம் செய்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதே காலத்தில் தொடங்கிய அரசு ஏற்பாட்டில், இறந்தவர் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியானது.

ஆனால் 1972ல் கேப்ரனும் காஸும் எச்சரித்த அதே முடிச்சு இங்கே விழுந்திருக்கிறது. நம்முடைய வரையறை உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் இருக்கிறது. குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தால் மூளைச்சாவு அடைந்தவர் இறந்தவர். சம்மதிக்காவிட்டால்? வென்டிலேட்டரை எடுக்கலாமா, எந்தச் சட்டத்தின் கீழ் எடுப்பது என்று டாக்டர் தயங்குகிறார். குடும்பம் பில் கட்டிக்கொண்டே காத்திருக்கிறது. கேரள அரசு 2020ல், தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைச்சாவை ஒரே விதமாகச் சான்றளிக்க வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. சரியான திசை அதுதான். உச்ச நீதிமன்றம் 2018ல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை, அதாவது பின்னாளில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்பே எழுதி வைப்பதை ஏற்று, 2023ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் அது உயிரோடு இருக்கும் நோயாளியின் சிகிச்சையைப் பற்றியது. இறந்தவரை இறந்தவர் என்று தானத்தைத் தொடாமல் சொல்லும் ஒரு மத்தியச் சட்டம் நமக்கு வேண்டும்.

சட்ட மாணவர் ஒருவர் இந்தத் துறைக்கு வர என்ன செய்யலாம்?

முதலில் ஒரு மருத்துவமனையின் அறக்குழு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிய மருந்து சோதனைக்கு ஒப்புதல் தரும் குழுக்களில் சட்டம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். பல இடங்களில் அந்த நாற்காலியில் பெயருக்கு ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார். சம்மதப் படிவத்தை எடுத்துத் தமிழில் படித்து, எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரியுமா என்று அந்தக் கூட்டத்தில் கேட்கிற ஒரு வக்கீல் நிறைய நல்லது செய்ய முடியும். அதோடு 1994 சட்டத்தையும் அதன் விதிகளையும் முழுதாகப் படியுங்கள். கேப்ரன், காஸ் எழுதிய 1972 கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், எந்தப் பிரிவில் எந்த அடுக்கு கலந்திருக்கிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளலாம்.